உகந்தைக்குப் போகிற லாண்ட் ரோவர்

குழு: கல்லடி வீடு

வியாழன்

6.12 ரமணன்: சனிக்கிழமை உகந்தை முருகன் கோயிலுக்கு வண்டி எடுக்கிறதில் ஒரு சிக்கல். இரண்டு மீற்றரும் பிழை. ஊறணி வரை ஓடினாலே எஞ்சின் சூட்டு முள் சிவப்பில். டீசல் முள் ஃபுல்லில் நிற்குது, ஆனால் நேற்று பெற்றோல் செட்டில் 24 லீற்றர் பிடித்தது.

6.15 சுதா அக்கா: ஐயோ. தண்ணி கொதிக்குதா?

6.16 ரமணன்: இல்லை. ஆனால் கராஜில் எஞ்சின் ஹெட் கழற்றிப் பார்க்க வேணுமாம்.

6.31 சின்ன மாமா: மருமகன், ஹெட்டில் கை வைக்க விடாதே. வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் ஒருவரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். டாங்கும் எஞ்சினும் ஒரே நாளில் பழுதாகாது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார். நம்மட லாண்ட் ரோவர் சீரிஸ் 3 இல் மீற்றர் தட்டுக்குப் பின்னால் சின்னத் தகரப் பெட்டி ஒன்று இருக்கும், ஸ்டெபிலைசர். பற்றரியின் 12 வோல்ட்டை 10 வோல்ட் அளவில் இரண்டு முள்ளுக்கும் கொடுப்பது அதுதான். உள்ளே ஒரு தகடு சூடேறி வளைந்து கரண்டை விடும், ஆறினதும் திரும்பப் பிடிக்கும். விட்டு விட்டுப் போவதால் சராசரி 10. தகட்டைச் சூடாக்கும் கம்பிக்கு எர்த், அதாவது கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் வழி, பெட்டியின் உடம்பு வழியாகத்தான். எர்த் இல்லாவிட்டால் தகடு சூடேறாது, முழுக் கரண்டும் முள்ளுக்குப் போகும். அதுதான் பொய் காட்டுது.

6.40 ரவி அண்ணா: மாமா, சுருக்கமா?

6.41 சின்ன மாமா: எர்த் பிடிக்கவில்லை. பெயின்றுக்குள்ளால் கரண்ட் போகாது. போன சித்திரையில் டாஷ்போட் தட்டுக்குப் பெயின்ற் அடித்தது யார்?

6.41 சுதா அக்கா: மாமா, தொடங்காதீங்க

6.44 வாணி (கனடா): நான் காசு அனுப்பினது வெளிப் பெயின்றுக்கு மட்டும்.

6.46 ரவி அண்ணா: தட்டு முழுக்கத் துரு வாணி. அப்பா ஓடின வண்டி அப்படிக் கிடக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

6.47 சின்ன மாமா: 78 சூறாவளிக்குப் பிறகு அத்தானும் நானும் அதில்தான் ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோனோம். தென்னை விழுந்து நசுங்கிய மட்காட் இப்பவும் அப்படியே இருக்கு.

6.52 பெரியம்மா: பிள்ளைகள், அன்னதானத்துக்கு அரிசி ஒரு மூடை போதுமா? போன முறை பருப்புப் பத்தவில்லை. மறுகா அங்க போய் முழிக்க ஏலாது.

6.53 சுதா அக்கா: ரெண்டு மூடை

6.53 ரவி அண்ணா: ஒண்டு போதும்

7.05 சின்ன மாமா: ரமணன், முதலில் பற்றரி வயரைக் கழற்று. பிறகு தட்டைத் திற. பெட்டியின் உடம்பிலிருந்து பற்றரி மைனஸுக்குத் துண்டு வயர் ஒன்று இழு, பற்றரியைத் திரும்பக் கொடுத்துப் பார். முள் இறங்கினால் எர்த்தான். இறங்காவிட்டால் தகடு ஒட்டிப்போயிருக்கும், கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய பாட்ஸ் கடைகளில் தேட வேணும்.

17.48 ரமணன்: மாமா, சரி! பெட்டியின் திருகுக்குக் கீழே பெயின்ற் தோல் மாதிரிப் பிடித்திருந்தது. இரும்பு மின்னும்வரை பிளேடால் சுரண்டி இறுக்கினேன். பற்றரியைக் கொடுத்ததும் டீசல் முள் கீழிருந்து மெதுவாக ஏறி, ஃபுல்லுக்குப் போகாமல் முக்காலில் நின்றது. பாலத்தைக் கடந்து போய் வந்தேன், சூட்டு முள் நடுவில்.

17.50 ரவி அண்ணா: சந்தோஷம் தம்பி. நான் கவனித்திருக்க வேணும்.

17.52 சின்ன மாமா: சரி விடு மகன். அத்தான் இருந்திருந்தால் அவரும் அடித்திருப்பார். ரமணன், முள் சரி என்றாலும் பொத்துவிலில் டாங்கை நிரப்பு. பாணமைக்கு அங்கால காட்டுப் பாதை, யானை நிற்கும் இடம்.

17.58 வாணி (கனடா): இனியும் அதை வைத்திருக்கத்தான் வேணுமா?

18.20 சுதா அக்கா: பெரியம்மாவின் முழங்காலுக்கு அந்தச் சீற் ஏலாது. வேன் சொல்லவா?

18.22 ரமணன்: அப்ப லாண்ட் ரோவரில் சாமான் மட்டுமா?

18.25 ரவி அண்ணா: நாளைக்குப் பார்ப்பம்

18.31 பெரியம்மா: நான் லாண்ட் ரோவரில்தான் வருவேன். பருப்பு எத்தனை கிலோ எண்டு ஒருவரும் சொல்லவில்லை.