ஐஸ் புயலுக்குப் பிறகு கேஸ் பில் 248 டாலர்: மீட்டர் கோளாறா, விலை ஏத்திட்டாங்களா?

ஃப்ரிஸ்கோ_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கோம். போன கோடையில்தான் வீடு வாங்கி வந்தோம். அதுக்கு முன்னாடி ஃபீனிக்ஸில் அபார்ட்மென்ட், எல்லாமே கரன்ட். அதனால கேஸ் பில் எனக்குப் புதுசு.

டிசம்பர் பில் 97 டாலர். ஜனவரி கடைசியில் அந்த ஐஸ் புயல் அடிச்சதுக்கு அப்புறம் வந்த பில் 248. புயலடிச்ச வாரம் குளிர் ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு வாரக் குளிருக்கு இரண்டரை மடங்கா? வீடு 2,600 சதுர அடி, ரெண்டு மாடி. வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு எல்லாம் கேஸ். மீட்டர் தப்பா ஓடுதா, இல்ல புயலைச் சாக்கு வைச்சு விலையை ஏத்திட்டாங்களா? பில்லில் "கஸ்டமர் ரேட் ரிலீஃப் சார்ஜ்" என்று ஒரு வரி இருக்கு. அது என்னன்னு கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டா, அரை மணி நேரம் பாட்டு கேட்க வைச்சுட்டு லைன் கட்டாயிடுச்சு.

கேட்டி_கரூர்க்காரன்:
விலைதான் ஏத்தியிருப்பாங்க. 2021-ல் நடந்தது தெரியாதா? புயல் வந்தா இவங்களுக்குத் தீபாவளி.

அட்டிக்_அண்ணாச்சி:
கரூர்க்காரரே, கொஞ்சம் பொறும். தம்பி, டாலரை விட்டுருங்க, முதல்ல அளவைச் சொல்லுங்க. பில்லில் சிசிஎஃப் என்று ஒரு எண் இருக்கும். ஒரு சிசிஎஃப்னா நூறு கன அடி கேஸ். டிசம்பருக்கு எத்தனை, இந்தத் தடவை எத்தனை? பில் எத்தனை நாளுக்கு? ரீடிங் பக்கத்துல "எஸ்டிமேட்டட்"னு போட்டிருக்கா? புயல் சமயத்துல ரீடிங் கிடைக்கலன்னா சில கம்பெனி குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போட்டுட்டு அடுத்த மாசம் சரிபண்ணும். கடைசியா, அடுப்பும் வெந்நீரும் மட்டும் ஓடின ஒரு மாசத்து அளவு, செப்டம்பர் பில் இருந்தா அதையும் எடுங்க.

ஃப்ரிஸ்கோ_புதுசு:
நன்றி அண்ணா. செப்டம்பர்: 17 சிசிஎஃப். டிசம்பர்: 29 நாள், 58 சிசிஎஃப். இப்போ வந்தது: 34 நாள், 171 சிசிஎஃப். எஸ்டிமேட்டட் என்று போடவில்லை. வெளியே போய் மீட்டரையும் பார்த்தேன், பில்லில் இருக்கிற ரீடிங்கைத் தாண்டி ஒழுங்காத்தான் போயிட்டிருக்கு. கேஸ் விலை வரியில் ஒரு சிசிஎஃப்புக்கு மூணு சென்ட்தான் கூடியிருக்கு.

அட்டிக்_அண்ணாச்சி:
அப்போ இந்த மாசம் விலை ஏற்றம் பெரிய காரணம் இல்ல. அளவுதான் மூணு மடங்கு. அஞ்சு நாள் கூடுதல் பில்லுங்கறதையும் குறிச்சுக்கோங்க.

இனி குளிரோட கணக்கு. ஒரு நாளோட அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் கூட்டிப் பாதியாக்கி, 65 ஃபாரன்ஹீட்டிலிருந்து கழிச்சா வர்றது அந்த நாளோட ஹீட்டிங் டிகிரி டே. நேஷனல் வெதர் சர்வீஸோட ஃபோர்ட் வொர்த் ஆபீஸ் இதைத் தினமும் போடுது, சும்மா எடுத்துக்கலாம். டாலஸ் ஜனவரியில் சாதாரண நாளுக்கு சராசரி 46, 47 டிகிரி இருக்கும், அதாவது 18, 19 புள்ளி. புயல் நாள்ல சராசரி 20-க்கு இறங்கினா 45 புள்ளி. ஒரு புயல் நாள் சாதாரண ரெண்டரை நாள் கேஸைத் தின்னும். "ஒரு வாரம்தானே"ன்னு நினைக்கறப்ப இதுதான் ஏமாத்துறது. உங்க ரெண்டு பில் காலத்துக்கும் இந்தப் புள்ளியைக் கூட்டிப் போடுங்க, மிச்சத்தை நான் சொல்றேன்.

டல்சா_தமிழச்சி:
கணக்கு ஓடற நேரத்துல அந்த ரிலீஃப் வரியைப் பத்திச் சொல்லிடறேன். அது இந்தப் புயலுக்கானது இல்லைங்க. 2021 பிப்ரவரியில் வந்த பெரும்புயலுக்கானது. அப்போ உங்க டாலஸ் விமான நிலையத்துலயே மைனஸ் 2 ஃபாரன்ஹீட் பதிவாச்சு. கேஸ் கிணறுகள் உறைஞ்சு போச்சு. கேஸைச் சுத்தம் பண்ற ஆலைகளுக்குக் கரன்ட் இல்ல. கரன்ட் நிலையங்களுக்கோ கேஸ் இல்ல. ஒண்ணு விழ இன்னொண்ணு விழுந்துச்சு. டெக்சாஸ் கேஸ் உற்பத்தி கிட்டத்தட்ட பாதியாச்சு. அதே வாரத்துல எல்லா வீட்டிலயும் ஹீட்டர். சாதாரணமா மூணு டாலர் சுமாருக்கு விக்கிற அளவு கேஸ், எங்க ஓக்லஹோமா சந்தையில் ஒரு கட்டத்துல ஆயிரம் டாலரைத் தாண்டிப் போச்சு.

வீடுகளுக்குக் கேஸ் தர்ற கம்பெனிகள் அந்த விலைக்கு வாங்கித்தான் குழாயில் விட்டாங்க. அந்தச் செலவை ஒரே பில்லில் போட்டா சனங்க தாங்காதுன்னு டெக்சாஸ் சட்டசபை 2021-லயே ஒரு சட்டம் போட்டுச்சு. அதன்படி 2023-ல் சுமார் 350 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டு கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தாச்சு. பத்திரத்தோட அசலையும் வட்டியையும்தான் நீங்க மாசாமாசம் கட்டறீங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல முடியற சமாச்சாரம் இல்ல.

ஃப்ரிஸ்கோ_புதுசு:
அக்கா, 2021-ல் நான் டெக்சாஸிலேயே இல்லையே! கோயம்புத்தூரில் இருந்தேன்.

டல்சா_தமிழச்சி:
வாடகைக்குப் புதுசா வந்தவங்க பழைய குடித்தனக்காரர் விட்டுட்டுப் போன கரன்ட் பாக்கியைக் கட்டற கதைதான். கடன் ஆள் மேல இல்ல, குழாய் மேல. எங்க ஊர்லயும் இது உண்டு. எங்க கம்பெனி கணக்குல மாசம் ஏழெட்டு டாலர், 25 வருஷத்துக்கு. என் பையன் இப்போ நாலாவது படிக்கிறான், அவன் சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகும் அது ஓடும். ஒரு வித்தியாசம் இருக்கு. எங்களுக்கு அது மாசாந்திர நிலைக்கட்டணம். உங்க டெக்சாஸில் எரிச்ச அளவுக்கு ஏத்த மாதிரி வரும். அதனாலதான் இந்த மாசம் அந்த வரியும் மூணு மடங்கா வீங்கியிருக்கும், பாருங்க.

மினியாபொலிஸ்_வாசி:
எங்க மினசோட்டாவில் இதே 2021 செலவை வருஷக்கணக்கில் பிரிச்சு வசூல் பண்ணாங்க. ஆனா 2022-ல் மாநில ஆணையம் "புயல் வரும்னு முன்கூட்டித் தெரிஞ்சும் சேமிப்புக் கிடங்கை நீங்க சரியா பயன்படுத்தல"ங்கற ரீதியில் கம்பெனிகளைக் கடிஞ்சு, ஒரு பகுதியை, 5 கோடி டாலருக்கு மேல, வாடிக்கையாளர்கிட்ட வாங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதனால "விதிச்சதுதான்"னு எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு இல்ல. விசாரணையில் போய்ப் பேசின பொதுசனமும் உண்டு.

கேட்டி_கரூர்க்காரன்:
அதைத்தான் நானும் சொன்னேன்.

அட்டிக்_அண்ணாச்சி:
நீர் சொன்னது 2021-க்குச் சரி. இவர் வீட்டுல இந்த மாசம் 171 சிசிஎஃப் எரிஞ்சதுக்கு அது பதில் இல்லையே.

ஃப்ரிஸ்கோ_புதுசு:
போட்டாச்சு அண்ணா. டிசம்பர் பில் காலம்: 377 புள்ளி. இந்தப் பில்: 807.

அட்டிக்_அண்ணாச்சி:
நல்லது. வெந்நீருக்கும் அடுப்புக்கும் மாசம் 17-ன்னு வைச்சா டிசம்பரில் வீட்டைச் சூடாக்கப் போனது 41 சிசிஎஃப். அதை 377-ஆல வகுத்தா புள்ளிக்கு 0.109. அதே வீடு, அதே பழக்கம்னா 807 புள்ளிக்கு 88 சிசிஎஃப் வரணும். 34 நாள் வெந்நீருக்கு ஒரு 20 சேர்த்தா 108. பில்லில் இருக்கிறது 171. ஆக, டிசம்பரைவிடக் கூடுதலா எரிஞ்சதுல ஏறக்குறைய பாதியைத்தான் புயல் விளக்குது. 63 சிசிஎஃப் வேற எங்கேயோ போயிருக்கு.

தெர்மோஸ்டாட் எவ்வளவு வைச்சிருக்கீங்க? டிசம்பரில் வைச்ச அதே அளவா? வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களா?

ஃப்ரிஸ்கோ_புதுசு:
எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க? ஜனவரி ஆரம்பத்துல அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தாங்க. முன்னாடி 68. இப்போ 74. அம்மா அதுக்கும் மேல சால்வை போர்த்திக்கிறாங்க.

அட்டிக்_அண்ணாச்சி:
எல்லா வீட்டிலயும் அதே கதைதான், ஹீட்டிங் ஆளுங்களுக்கு முதல் கேள்வியே இதுதான். ஆறு டிகிரி கூட்டினா தினமும் ஆறு புள்ளி கூடுன மாதிரி. 34 நாளுக்கு 204 புள்ளி, ஏறக்குறைய 22 சிசிஎஃப். பெரியவங்க இருக்கிற வீட்டுல இதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், குளிர் வயசானவங்களுக்கு ஆபத்து. இன்னும் 40 சொச்சம் பாக்கி.

டெக்சாஸ் வீடுகள்ல ஃபர்னஸும் காற்றுக் குழாயும் மச்சுக்கு மேல, அட்டிக்ல கிடக்கும். ஒரு ஃப்ளெக்ஸ் டக்ட் கழண்டு விழுந்தா வெளிக்குளிரைச் சூடாக்கிட்டிருப்பீங்க. டார்ச் எடுத்துட்டு ஏறிப் பாருங்க, பலகை இருக்கிற இடத்துல மட்டும் காலை வைங்க. ஃபில்டர் அடைச்சிருக்கான்னும் பாருங்க. அப்புறம் மீட்டர் சோதனை. கேஸ்ல ஓடற எல்லாத்தையும் அணைச்சிட்டு, மீட்டர் முகப்புல இருக்கிற சின்ன வட்டத்தைப் பாருங்க. அரை அடி, ரெண்டு அடின்னு எழுதியிருக்கும். முள் நகரவே கூடாது. நகர்ந்தாலோ வாசனை வந்தாலோ வீட்டுக்குள்ள சுவிட்சைக் கூடத் தொடாம எல்லாரையும் கூட்டிட்டு வெளியே போய், அங்கிருந்து கம்பெனியோட அவசர எண்ணுக்குக் கூப்பிடணும். அதுக்கு எந்த நேரமும் ஆள் இருப்பாங்க, பில் எண் மாதிரி பாட்டு போட மாட்டாங்க.

முள் நிக்குதுன்னா ஒவ்வொண்ணா ஆன் பண்ணி, ரெண்டு அடி முள் ஒரு சுத்து சுத்த எத்தனை செகண்டுன்னு போன்ல பாருங்க.

மணவை_அத்தை:
புயல் நாள்ல குழாய் உறையாம இருக்கத் தண்ணி சொட்ட விட்டிருப்பீங்களே, வெந்நீர்ப் பக்கத்தையும் ராத்திரி பகலா ஓட விட்டீங்களா? எங்க வீட்டுல அதுதான் நடந்துச்சு. அந்தப் பக்கமும் சொட்டணும்தான், ஆனா சொட்டு வேற, ஒழுக்கு வேற. அப்புறம் ஒரு சந்தேகம், பில்லுக்குப் பயந்து ஓவன் கதவைத் திறந்து வைச்சு அந்தச் சூட்டுல உக்காரலாமா? பக்கத்து வீட்டுல பண்றாங்க.

அட்டிக்_அண்ணாச்சி:
வேண்டவே வேண்டாம் அத்தை, பக்கத்து வீட்டுக்கும் இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் இல்ல, நிறமும் இல்ல. தலைவலி, மயக்கம்னு ஆரம்பிச்சு தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும். 2021 புயல்ல குடும்பம் குடும்பமா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, இறந்தவங்களும் உண்டு. கார், ஜெனரேட்டர், கரி அடுப்பு எதையும் வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ ஓட விடக் கூடாது. படுக்கிற அறைக்குப் பக்கத்துல ஒரு அலாரம் மாட்டச் சொல்லுங்க.

ஃப்ரிஸ்கோ_புதுசு:
ஏறிப் பார்த்தேன். டக்ட் எல்லாம் ஒழுங்கா மாட்டியிருக்கு. ஃபில்டர் பழுப்பா இருந்துச்சு, மாத்திட்டேன். எல்லாத்தையும் அணைச்சா முள் நகரலை. ஃபர்னஸ் மட்டும் ஓடினா ஒரு சுத்துக்கு 95 செகண்ட் சுமார். வாட்டர் ஹீட்டர் அதைவிட மெதுவா.

கடைசியா ஹாலில் இருக்கிற ஃபயர்ப்ளேஸை ஆன் பண்ணினேன். அதுவும் கேஸ்தான், சிமென்ட் விறகுக்கட்டை மேல தீ வரும். சுத்து முடிய ரெண்டே நிமிஷம்! ஃபர்னஸில் முக்கால் பங்கு கேஸை அது தனியா குடிக்குது. புயல் வந்ததிலிருந்து அப்பா அம்மா தினமும் சாயங்காலம் நாலஞ்சு மணி நேரம் அதுக்கு முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. அம்மா அங்கேயே கீரை ஆய்வாங்க.

அட்டிக்_அண்ணாச்சி:
பிடிச்சாச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு அடின்னா மணிக்கு 60 கன அடி, அதாவது 0.6 சிசிஎஃப். பில் முடியற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு மேல, தினம் நாலரை மணின்னா 40-க்கு மேல வந்துடும். உங்க மிச்சக் கணக்கு அதுதான்.

அந்த மாதிரி புகைபோக்கி உள்ள ஃபயர்ப்ளேஸ் பார்க்க அழகு, சூட்டுக்கு உதவாது. சூட்டுல பெரும்பகுதி மேலே போயிடும். போறப்போ ஹாலில் ஃபர்னஸ் சூடாக்கின காத்தையும் இழுத்துட்டுப் போகும், அந்த இடத்துல ஜன்னல் இடுக்கு வழியா வெளிக்குளிர் உள்ள வரும். முன்னாடி உக்காந்தவங்களுக்கு மூஞ்சி சுடும், மாடியில படுக்கிறவங்களுக்குக் குளிரும். ஒரு எச்சரிக்கை: புகைபோக்கி மூடியை முழுசா மூடாம இருக்க ஒரு இரும்புக் கிளிப் போட்டிருப்பாங்க. சூடு வீணாகுதுன்னு அதைக் கழட்டிடாதீங்க, புகை உள்ளயே தங்கும்.

மணவை_அத்தை:
அம்மாவுக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் ரூம் ஹீட்டர் வாங்கிக் கொடுங்க, எண்ணெய் ரேடியேட்டர் மாதிரி இருக்குமே, அது. நேரா சுவர் ப்ளக்ல சொருகணும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. அவங்க இருக்கிற ரூம் மட்டும் சூடானா வீடு முழுக்க 70-லயே விடலாம். கம்பளிக் காலுறை இருக்கா? நம்மூர்ல இருந்து வர்றவங்க தரையில வெறுங்காலோட நடந்துட்டுத்தான் குளிருதும்பாங்க.

ஃப்ரிஸ்கோ_புதுசு:
காலுறை வாங்கினேன், அம்மா போட மாட்டேங்கறாங்க. வழுக்குதாம். ஹீட்டர் ஆர்டர் பண்ணிட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரே ஒரு கேள்வி: 248-ஐ மொத்தமா கட்டணுமா, பிரிச்சுக் கட்டலாமா? அடுத்த பில்லில் புயல் விலை வருமா?

டல்சா_தமிழச்சி:
வரலாம். கம்பெனி கேஸை வாங்கின விலைக்கே உங்களுக்கு விக்கணும், அதுல லாபம் வைக்கக் கூடாது. ஆனா வாங்கின செலவுக்கும் வசூலுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்தடுத்த மாசங்கள்ல சரிபண்ணுவாங்க. அதனால பிப்ரவரி, மார்ச் பில்லில் "காஸ்ட் ஆஃப் கேஸ்" வரியைக் கவனிங்க.

கட்டறதுக்குப் பெரும்பாலும் தவணை வசதி உண்டு, கடைசித் தேதிக்கு முன்னாடி கேட்கணும். வருஷச் சராசரியைப் போட்டு மாசாமாசம் ஏறக்குறைய ஒரே தொகை வாங்கற திட்டமும் பல கம்பெனிகள்ல இருக்கு. அதுல பணம் மிச்சமாகாது, ஏற்ற இறக்கம்தான் தெரியாது. இந்த இழையைப் படிக்கிற வேற யாருக்காவது நிஜமாவே கட்ட முடியாத நிலைன்னா டெக்சாஸில் 211-க்குக் கூப்பிட்டு எரிசக்தி உதவித் திட்டம்னு கேளுங்க, வருமான வரம்பு இருக்கும். கம்பெனி பதிலே சொல்லலன்னா புகார் கொடுக்க வேண்டிய இடம் டெக்சாஸ் ரெயில்ரோட் கமிஷன். பேரைப் பார்த்து ஆள் மாறிப் போயிட்டோமோன்னு நினைக்காதீங்க, ரயிலுக்கும் அவங்களுக்கும் இப்போ சம்பந்தமே இல்ல, எண்ணெயும் கேஸும்தான் முக்கிய வேலை.

கேட்டி_கரூர்க்காரன்:
அண்ணாச்சி, எனக்கு 190 சிசிஎஃப். ஃபயர்ப்ளேஸே கிடையாது. வீட்டுக்கும் யாரும் வரல.

அட்டிக்_அண்ணாச்சி:
செப்டம்பர் பில்லை எடும்.