மகனுக்குப் பாவாடை தைக்க அளவு?

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு, சுற்றினால் குடையாய் விரியும் பாவாடை வேண்டுமாம். ஓடியாட வசதியாக எப்படித் தைப்பது?

பதில் 1: மெல்லிய பருத்தியில் இரண்டு அரைவட்டமாக வெட்டுங்கள்; பக்கத் தையலில் பாக்கெட் வைக்கலாம். எலாஸ்டிக் இடுப்பு என்றால் இடுப்பை அல்ல, பின்புறம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவைத்தான் எடுக்க வேண்டும்; அதைத் தாண்டித்தான் பாவாடை ஏறும். 58 செ.மீ. என்றால் தளர்வு 5 சேர்த்து 63, அதை 6.28ஆல் (2π) வகுத்தால், இடுப்புக்காக நடுவில் வெட்டும் உள்வட்டத்தின் ஆரம் 10 செ.மீ. வெட்டியதை ஒரு நாள் தொங்கவிட்டு, பிறகு ஓரம் மடியுங்கள். இழைக்குச் சாய்வாக (மூலைவாட்டில்) வெட்டுப்பட்ட இடங்களில் துணி இழுபடும் என்பதால், உடனே மடித்தால் ஓரம் ஏறி இறங்கும். மடிப்பு 1 செ.மீ. போதும், அகலமானால் வளைவில் சுருங்கும்.

பதில் 2: நீளம் முட்டிக்கு மேல். உள்ளே ஷார்ட்ஸ்.

பதில் 3: யாராவது கேலி செய்தால் சொல்ல, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற ஒரே வரியை வீட்டிலேயே பழக்குங்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பையில் மாற்றுடை இருக்கட்டும். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.