சின்னப்பிள்ளை அம்மாவும் எங்கள் வீட்டுக் களஞ்சியமும்

பெண்கள் சேர்ந்து சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் மகளிர் குழுதான் களஞ்சியம். அதன் கூட்டம் ஒன்றில் சின்னப்பிள்ளை அம்மா பேசியதைக் கேட்டிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், கையில் குறிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் பேச்சு எங்கும் தடுமாறவில்லை. என் அம்மா மகளிர் குழுவில் இருந்ததால்தான் அந்தக் கூட்டத்துக்கே போனேன்.

2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லோருக்கும் தெரியும். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதற்கெல்லாம் முந்தைய வாழ்க்கை. மதுரை அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அவர் கூலி வேலை செய்தவர், கொத்துத் தலைவி. கொத்துத் தலைவி என்றால் சும்மா இல்லை. ஆள் சேர்க்க வேண்டும், நிலக்காரரிடம் கூலி பேச வேண்டும், வந்ததைச் சண்டை வராமல் பங்கு வைக்க வேண்டும். குழு நடத்தத் தேவையான பாடமெல்லாம் அந்த வயல் வேலையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

1990 வாக்கில் மதுரைப் பக்கம் களஞ்சியம் தொடங்கியபோது வெளியாட்கள் பணம் கொண்டுவந்து கொட்டவில்லை. பெண்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்ததே முதல். பிறகு 1997-இல் உருவான தானம் அறக்கட்டளை இதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது.

இது எப்படி வேலை செய்தது என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன். வட்டமாக உட்காருவார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் சேமிப்பை நடுவில் வைப்பார்கள். கடன் கேட்டால், “எதுக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். மருத்துவச் செலவு என்றால் மறுபேச்சு இல்லை. நகையை மீட்க என்றால் விசாரணை நீளும்! வெளியே பத்து வட்டிக்கு வாங்கி அல்லாடிய அதே பெண்கள், இங்கே நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி கட்டினார்கள். அந்த வட்டியும் அவர்கள் குழுவுக்கே திரும்பி வந்தது. அப்புறம் வங்கிக் கடன் கேட்டுப் போனபோது, மேலாளர் முன்னால் என் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அதற்கு முன் அந்த வங்கிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

இப்போது செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்கள். எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை. எங்கள் தெருவில் மறுபடியும் கடன் தொல்லை பற்றிய பேச்சு கேட்கிறது. குழு கலைந்த ஊர்களில் அதை முதலில் திரும்பக் கூட்டுங்கள்.