ஃபேனில் தேங்காய் எண்ணெய் விடச் சொன்ன புண்ணியவான் யார்?

மதுரை சர்வீஸ் (காலை 10:40)
குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கம்ப்யூட்டர் ஃபேன் இரைகிறதா, பின்னால் ஸ்டிக்கரை உரித்து இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள், ஆயுசுக்கும் சத்தம் வராது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கடைக்கே ஃபோன் போட்டுக் கேட்டாயிற்று. பதினெட்டு வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உறைகிற எண்ணெயை பேரிங்கில், அதாவது ஃபேன் தண்டு சுழலுகிற இடத்தில், விடலாமா? தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அடையாறு அப்பு (10:52)
பேச நிறைய இருக்கிறது. அந்த வீடியோவைக் குழுவில் போட்டவன் நான்தான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் 24 டிகிரி எங்கே வருகிறது? நான் தேங்காய் எண்ணெய் விட்டு ஆறு மாதம் ஆகிறது. ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு அமைதி.

மதுரை சர்வீஸ் (10:55)
ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் சித்திரை வெயிலில் விட்டிருக்கிறீர்கள். தை மாத விடியற்காலையில் சென்னையே 20, 21 வரை இறங்கும். 24 டிகிரி சார். 24.

குன்னூர்க்காரன் (11:03)
அண்ணன் சொல்வது சரி. எங்கள் வீட்டில் டிசம்பரில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம். அவசரமென்றால் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குத்தி எடுப்போம். ஒருமுறை அதே எண்ணெயை ஃபேனில் விட்டேன். காலையில் சுவிட்ச் போட்டால் இறக்கை ஒரு துடி துடித்துவிட்டு அப்படியே நிற்கும். திரையில் சிபியூ ஃபேன் எரர், எஃப்1 அழுத்து என்று வரும். ஹேர் டிரையரைக் காட்டினால்தான் சுற்றும்.

அடையாறு அப்பு (11:06)
ஊட்டியில் நடப்பதையெல்லாம் உலகத்துக்கே சட்டமாக்க வேண்டாம்.

குன்னூர்க்காரன் (11:07)
குன்னூர்.

வாத்தியார் (11:20)
ஐயா, எந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் யாராவது சொல்லுங்கள். கரகரவென்றால் பேரிங். உய்ங்ங் என்று காற்றுச் சத்தம் என்றால் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். அதே ஃபேனை நிமிடத்துக்கு 1,800 சுற்றிலிருந்து 900 சுற்றுக்குக் கொண்டுவந்தால் சுமார் 15 டெசிபல் இறங்கும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் போட்டதும் திறக்கிற அமைப்புத் திரையில், எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்கிற ஃபேன் கர்வ் இருக்கும், பிராசசர் 60 டிகிரி வரும் வரை நிதானமாக ஓடட்டும் என்று வைத்துவிடலாம். ஒயர் முனையில் 4 பின் உள்ள ஃபேன் என்றால் மதர்போர்டே தனி சிக்னலில் வேகத்தைச் சொல்லும், 3 பின் என்றால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 80 மி.மீ. ஃபேனுக்குப் பதில் 120 மி.மீ. மாட்டினால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும்.

மதுரை சர்வீஸ் (11:24)
பாடம் அருமை வாத்தியாரே. கேள்வி 24 டிகிரி. அதற்கு பதில் எங்கே?

புதுசு (11:31)
வணக்கம். என் ஃபேன் டிக் டிக் டிக் என்று அடிக்கிறது. என்ன எண்ணெய் விடலாம்?

அடையாறு அப்பு (11:33)
பெட்டிக்குள்ளே எப்போதும் 35, 40 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் எந்தத் தேங்காய் எண்ணெய் உறையும்? இதைக்கூட யோசிக்காமல் பதினெட்டு வருட சர்வீஸ்.

மதுரை சர்வீஸ் (11:41)
சூடு எப்போது வரும்? ஓட ஆரம்பித்த பிறகு. ராத்திரி முழுக்க அணைத்து வைத்த மெஷினை விடியற்காலை போடுகிறீர்கள், அப்போது பேரிங்குக்குள் இருப்பது எண்ணெயா, வெண்ணெயா? நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பேசவில்லை. ஸ்டிக்கரை ஓரத்தில் நகத்தால் கிளப்ப வேண்டும், கிழியக் கூடாது. அடியில் ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் தண்டின் நுனியில் பொடிசாக ஒரு வெள்ளை வளையம். இறக்கையைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று அதை நெம்பினால் துள்ளிப் போய்விடும், பீரோவுக்கு அடியில் படுத்துத் தேட வேண்டியதுதான். எனவே நெம்பாமல், பல்குத்தும் குச்சியின் முனையில் எண்ணெயைத் தொட்டு ஒரே ஒரு சொட்டு. விரலால் இறக்கையைச் சுற்றிவிட வேண்டும். வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால்தான் ஸ்டிக்கர் திரும்ப ஒட்டும். வீடியோவில் அவர் ஊற்றுகிறாரே, சாம்பாருக்குத் தாளிக்கிற மாதிரி! அது அவ்வளவும் இறக்கை வழியாகத் தெறித்து போர்டில் படியும், மேலே தூசி ஒட்டும். அப்புறம் தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப் பிடிக்கும். அதற்கு நான் இன்னும் வரவேயில்லை. முதலில் 24 டிகிரி.

புல்லட் ரவி (11:50)
இவ்வளவு எதற்கு, டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஒரு அடி அடித்தால் முடிந்தது.

மதுரை சர்வீஸ் (11:52)
அதன் பெயரிலேயே இருக்கிறது தம்பி, டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் செய்தது, 40ஆவது முயற்சியில் சரியாக வந்ததாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடி. பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கிற மசகையும் சேர்த்துக் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். ரெண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய கச்சேரி.

அடையாறு அப்பு (11:58)
தீர்ப்பு சொல்ல இவரை விட்டால் ஆள் இல்லை. போன வருடம் என்னை எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தியவர்தானே.

மதுரை சர்வீஸ் (12:00)
பிராசசர் மேல் தடவுகிற, சூடு கடத்தும் பேஸ்ட் இல்லையென்றால் பல் விளக்கும் பேஸ்ட் தடவலாம் என்றவரை வேறென்ன செய்ய?

அடையாறு அப்பு (12:01)
ஒரு நாள் அவசரத்துக்கு என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஒரு நாள். பாதியை மட்டும் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

செக்கடி (12:10)
எண்ணெய் வியாபாரம் எங்கள் தொழில், அதனால் ஒரு வார்த்தை. சுத்தமான தேங்காய் எண்ணெய் என்றால் குளிரில் உறைந்தே தீரும். உறையவில்லை என்றால் லிக்விட் பாரஃபின் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. தலைக்குத் தடவ என்று விற்கிற பல பாட்டில்களில் அது உண்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சென்னை நண்பர் போன தையில் பாட்டிலைப் பார்த்தாரா?

அடையாறு அப்பு (12:14)
பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்.

மதுரை சர்வீஸ் (12:15)
ஆகா! பாரஃபின் என்றால் மினரல் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயும் மினரல் எண்ணெய். ஆக நீங்கள் ஆறு மாதமாக என் வைத்தியத்தைத்தான் தலைக்குத் தேய்க்கிற வாசனையோடு செய்திருக்கிறீர்கள். சத்தம் நின்றதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. நன்றி செக்கடி அய்யா, தங்கமான பதிவு.

அடையாறு அப்பு (12:19)
வார்த்தையை அளந்து பேசுங்கள். அது பொள்ளாச்சியிலிருந்து என் மாமியார் அனுப்புகிற எண்ணெய். சொந்தத் தோப்புக் காய். அதில் கலப்படம் என்று என் வீட்டில் வந்து சொல்ல முடியுமா உங்களால்?

செக்கடி (12:22)
நான் கலப்படம் என்ற சொல்லையே எழுதவில்லை.

அடையாறு அப்பு (12:23)
வேறென்ன அர்த்தம்?

புதுசு (12:30)
ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். அடியில் ரப்பர் மூடியும் இல்லை, ஓட்டையும் இல்லை, வெறும் பிளாஸ்டிக். டிக் டிக் நிற்கவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வாத்தியார் (12:38)
தம்பி, ஓட்டை இல்லையென்றால் அது மூடி வைத்த பேரிங், எண்ணெய் விடவே முடியாது. நிறைய ஃபேன்கள் அப்படித்தான். மெஷினை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள், ஏதாவது ஒயர் இறக்கையில் உரசினால் டிக் டிக் என்றுதான் கேட்கும். ஒரு டேக் போட்டு இழுத்துக் கட்டினால் போதும். எல்லாருக்கும் சொல்கிறேன், ஃபேன் சத்தம் என்பதே நாலைந்து விதம், அதைப் பிரிக்காமல்

மதுரை சர்வீஸ் (12:39)
வாத்தியார் பெல் அடித்த பிறகும் விடமாட்டார் போலிருக்கிறது. அப்பு சார், ஒரே வழிதான். மாமியார் எண்ணெயை ஒரு கரண்டி கிண்ணத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டாம், கீழ்த்தட்டில். கட்டியானால் மாமியார் ஜெயித்தார், 24 டிகிரியும் ஜெயித்தது. கட்டியாகவில்லை என்றால் செக்கடி அய்யா சொன்னதுதான். எப்படிப் பார்த்தாலும் நான் சொன்னதுதான் நிற்கும்.

அடையாறு அப்பு (12:47)
எண்ணெயை எதற்கு ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டால், மதுரையில் ஒருத்தர் உங்கள் அம்மாவைச் சந்தேகப்படுகிறார் என்று சொல்லவா? வைக்க மாட்டேன். என் ஃபேன் ஓடுகிறது. சத்தம் இல்லை. அவ்வளவுதான்.

மதுரை சர்வீஸ் (12:48)
பயம்.

புல்லட் ரவி (12:55)
நான் அடித்துவிட்டேன். இப்போதைக்கு சத்தம் இல்லை.

மதுரை சர்வீஸ் (12:56)
மூன்றாம் நாள் கடைக்கு வா தம்பி. ஞாயிறு விடுமுறை.

அடையாறு அப்பு (1:05)
எனக்கு ஒரே வருத்தம், ஊட்டிக் குளிரை வைத்துக்கொண்டு சமவெளியில் இருக்கிறவனை ஏமாற்றுகிறார்கள்.

குன்னூர்க்காரன் (1:06)
குன்னூர் என்று எத்தனை தடவை எழுதுவது?