பிரெஞ்சு ஆப்ல ஓகே, நேர்ல கேட்டா ஒண்ணும் புரியல, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

துலூஸ்_கிளம்புறேன்:
வணக்கம் மக்களே, வேலை விஷயமா செப்டம்பர்ல பிரான்ஸ்ல இருக்கற துலூஸ் போறேன். ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தானாம், அதனால வேலைக்குப் பிரச்சனை இல்ல, ஆனா கடை பஸ் மெடிக்கல்னு போனா வாயைத் திறந்துதானே ஆகணும். நான் படிக்கறது மொத்தமும் இங்கிலீஷ் வழியாத்தான், பூனை பால் குடிக்குது, என் மாமா வக்கீல் மாதிரி வாக்கியம் எல்லாம் ஆப்ல தப்பில்லாம எழுதிடுவேன். யூடியூப்ல ரெண்டு பேர் சும்மா பேசிக்கறதைக் கேட்டா தலையும் புரியல வாலும் புரியல. எதை மொதல்ல மனப்பாடம் பண்றது? கிராமர் கிளாஸ்ல சேருன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

பாகெட்_பாண்டி:
மொதல்ல போன்ஜூர், அதாவது வணக்கம். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். இங்கிலீஷ் பழக்கத்துல "எக்ஸ்கியூஸ் மீ, இது எங்க இருக்கு"ன்னு நேரா விஷயத்துக்குப் போயிடுவோம், இங்க அப்படி ஆரம்பிச்சா மூஞ்சி சுருங்கிடும். பஸ் டிரைவருக்குப் போன்ஜூர், கிளினிக்ல உக்காந்திருக்கற முன்னபின்ன தெரியாத ஆளுங்களுக்கும் போன்ஜூர், சாயந்திரம் ஆச்சுன்னா போன்சுவார், கிளம்பும்போது மெர்சி, போன் ஜூர்னே, அதாவது நன்றி, நாள் நல்லா போகட்டும்னு.

அப்புறம் நீங்க என்ன கேக்கணும்னு படிக்கறதை விட அவங்க உங்களை என்ன கேப்பாங்கன்னு படிங்க, அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. பேக்கரில "உய்ன் த்ரதிஸியோன், சில் வூ ப்ளே"ன்னு (பழைய முறைல செய்யற நீள ரொட்டி ஒண்ணு குடுங்கன்னு) கெத்தா கேட்டுடுவீங்க, உடனே அந்தம்மா நிமிராமலே "அவெக் ஸஸி?"ம்பாங்க, அவ்ளோதான் ஆள் காலி. வேற என்ன வேணும்னு கேக்கறாங்க, "ஸ ஸரா தூ, மெர்சி", அதாவது அவ்ளோதான், நன்றின்னா முடிஞ்சுது. காபிக் கடைல "சூர் ப்லாஸ் ஊ ஆ ஆம்போர்த்தே?", அதாவது இங்கயேவா பார்சலா. பார்மசில "கார்த் வித்தால்" கேப்பாங்க, ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு அது. ஒவ்வொரு கவுண்டர்லயும் இப்படி நாலஞ்சு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். ஹோட்டல்ல "உய்ன் கராஃப் தோ" கேளுங்க, குழாய்த் தண்ணி ஃப்ரீ, சும்மா தண்ணின்னு கேட்டா பாட்டிலைக் கொண்டாந்து வெச்சு பில்லுல ஏத்திடுவாங்க.

கரோன்_கரை:
துலூஸ்னா ஒரு எக்ஸ்ட்ரா பாடம் இருக்கு ப்ரோ. உள்ள சாக்லேட் வெச்ச பன் மாதிரி ஒண்ணு, புக்ல பேன் ஓ ஷொகொலான்னு இருக்கும், இங்க அதுக்குப் பேரு ஷொகொலத்தீன், மாத்திச் சொன்னா குடுப்பாங்க, ஆனா ஒரு பார்வை பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. கடைல "உய்ன் போஷ்?"னு கேட்டா கவர் வேணுமான்னு அர்த்தம், பாரிஸ்ல அதையே ஸாக்னுதான் சொல்வாங்க.

லாச்சப்பல்_அண்ணை:
தம்பி, ஆப் சொல்லித்தாற மாதிரி "ஜ ந சே பா" (எனக்குத் தெரியாது) எண்டு இங்க ஒருத்தரும் கதைக்கிறேல்ல, "ஷே பா" எண்டு விழுங்கிப்போடுவினம். அந்த "ந" பேச்சில அநேகமா வராது, நாங்கள் எண்டதுக்கு "நூ" எண்டு படிச்சதையும் "ஓன்" எண்டுதான் சொல்லுவினம். உங்களுக்கு யூடியூப் விளங்காததுக்கு அதுதான் காரணம், சொல்லு தெரியாமல் இல்லை. ஆர்எஃப்ஐ எண்ட பிரெஞ்சு ரேடியோவில லேசான பிரெஞ்சில 10 நிமிசச் செய்தி போடுறவை, எழுத்தும் கூட வரும், முதல் வாசிக்காமல் கேளுங்கோ, பிறகு வாசிச்சுக்கொண்டு கேளுங்கோ. தெரியாத ஆக்களோட எப்பவும் "வூ" (நீங்கள்)தான், அவையளா "து" (நீ) எண்டு மாறினால் நீங்களும் மாறலாம். பாரிஸில தமிழ்க் கடையள் நிறைஞ்ச லாச்சப்பல்ல தமிழிலயே சாமான் வாங்கி, தமிழிலயே முடி வெட்டி காலம் தள்ளலாம், அதாலதான் இங்க கனபேருக்குப் பாஷை பிந்தி வந்தது. துலூஸில உங்களுக்கு அந்த வசதி இல்லை, நல்லதுக்குத்தான்.

துலூஸ்_கிளம்புறேன்:
அண்ணா செம, அவெக் ஸஸி எந்த ஆப்லயும் வரல. நான் தடுமாறினதும் அவங்களே இங்கிலீஷுக்கு மாறிட்டா என்ன பண்றது?

பாகெட்_பாண்டி:
"ஜ ப்ரெஃபேர் பார்லே ஃப்ரான்ஸே, ஸி ஸ ந வூ தேரான்ஜ் பா", உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா பிரெஞ்சுலயே பேசறேனேன்னு. முக்கால்வாசிப் பேர் சந்தோஷமா நிதானமாப் பேசுவாங்க, லன்ச் டைம் கியூல மட்டும் இதை ட்ரை பண்ணாதீங்க. அப்புறம் நம்பர் பழகுங்க, 70க்கு மேல. இங்க போன் நம்பரை ரெண்டு ரெண்டா அஞ்சு ஜோடியாச் சொல்வாங்க, "கத்ர வேன்"னு காதுல விழுந்ததும் 80னு எழுதுவீங்க, அதுக்குள்ள "தீசெத்"னு (17) முடிச்சு 80ம் 17ம் சேந்து அது 97 ஆயிடும், நீங்க அடிச்சுட்டுத் திருத்தறதுக்குள்ள அடுத்த ஜோடி போயிடும்.