போரில் ஒதுங்கி நின்றால் செலவே இல்லையா? விவாத மேடைக்குக் கணக்கு வேண்டும்

அம்மாப்பேட்டை_தறி:
எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு விவாத மேடை நடக்கப்போகிறது. தலைப்பு: "அடுத்தவர் போரில் ஒதுங்கி நிற்பதே நாட்டுக்கு லாபம்." எங்கள் அணி இதை எதிர்த்துப் பேச வேண்டும். போருக்குப் போகாவிட்டால் நம் ஆள் சாகமாட்டான், நம் பணம் போகாது என்று எதிரணி ஒரே வரியில் முடித்துவிடும். மனிதாபிமானம் என்று மட்டும் பதில் சொன்னால் எடுபடாது. ஒதுங்கியதால் உள்நாட்டில் என்ன செலவு, வெளியே யார் தலையில் என்ன விழுந்தது என்று ஆண்டும் எண்ணுமாகச் சொல்ல வேண்டும். நடுநிலைச் சட்டங்கள் போட்டு ஒதுங்கிய, 1935 முதல் 1941 வரையான அமெரிக்காவை வைத்தால் போதுமா? சேலம், ஏற்காடு பக்கத்து எடுத்துக்காட்டு கிடைத்தால் நல்லது, ஆனால் வலிந்து ஒட்டியதாக இருக்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை_மண்டி:
அமெரிக்கா சரி தம்பி. ஆனால் 1935-இல் தொடங்காதீங்க, 1807-இல் தொடங்குங்க. 1935-ஐ எடுத்தால் பின்னாலேயே உலகப் போர் வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் "அது போரின் செலவு, ஒதுங்கியதன் செலவு இல்லை" என்று எதிரணி தட்டிவிடும். 1807-இல் அந்தக் கலப்படம் கிடையாது.

நெப்போலியன் காலம். பிரிட்டனும் பிரான்சும் அடித்துக்கொள்கின்றன, இரண்டுமே அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கின்றன. நம் கப்பல் கடலுக்கே போகாவிட்டால் வம்பே வராது என்று அதிபர் ஜெஃபர்சன் முடிவெடுத்தார். 1807 டிசம்பர் 22-இல் தடைச் சட்டம் வந்தது. எந்த அமெரிக்கக் கப்பலும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் புறப்படக் கூடாது. 1807-இல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1808-இல் 2.2 கோடிக்கு விழுந்தது. அன்றைக்கு அங்கே வருமான வரி கிடையாது, அரசாங்கமே சுங்க வரியில்தான் ஓடியது. சரக்கு வராததால் அடுத்த ஆண்டு சுங்க வருமானம் பாதிக்கும் கீழே போனது. படைக்கும் கோட்டைக்கும் வேண்டிய பணம், அது தேவைப்படும் நேரம் பார்த்து இல்லாமல் போயிற்று.

சட்டம் எங்கே ஓட்டையானது என்பதையும் சொல்லுங்க. உள்நாட்டுத் துறைமுகங்களுக்குள் ஓடும் கப்பல்கூட, கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு வியாபாரியால் அது முடியவில்லை, பெரிய ஆட்கள் "புயலில் திசை தப்பிவிட்டது" என்று சொல்லி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார்கள். வடக்கே சாம்ப்லெய்ன் ஏரி வழியாகக் கட்டுமரத் தொகுதிகளில் மரமும் பொட்டாஷும் கனடாவுக்குக் கடந்தன. அதைத் தடுக்கப் படை அனுப்ப வேண்டி வந்தது. வெளிநாட்டுச் சண்டை வேண்டாமென்று போட்ட சட்டத்துக்காகச் சொந்தக் குடிமக்கள் மீது துப்பாக்கி நீட்டினார்கள்.

வெளியே நடந்தது இன்னும் மோசம். ஸ்பெயினின் தென் அமெரிக்கக் குடியேற்றங்கள் 1808-க்குப் பிறகு பிரிட்டிஷ் சரக்குக்குத் திறந்தன, பிரிட்டன் தப்பித்துக்கொண்டது. நெப்போலியன் 1808 ஏப்ரலில் தன் துறைமுகங்களில் நின்ற அமெரிக்கக் கப்பல்களைப் பறிமுதல் செய்தார். உங்கள் சட்டப்படி அமெரிக்கக் கப்பல் எதுவும் இங்கே இருக்க முடியாது, ஆகவே இவை வேடம் போட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் என்று காரணம் சொன்னார். 1809 மார்ச்சில் தடையை நீக்கினார்கள். 1812 ஜூனில் அதே பிரிட்டனோடு அமெரிக்கா போரில் இறங்கியது. பதினைந்து மாதம் வியாபாரத்தை நிறுத்தியும் போர் தவறவில்லை. உங்கள் அணியின் முதல் மூன்று நிமிடத்துக்கு இது ஒன்றே போதும்.

குகை_நூலகம்:
மண்டி அண்ணன் சொன்னதோடு 1935 சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். எதிரணி அதைக் கட்டாயம் எடுக்கும். நடுநிலைச் சட்டம் என்று பொதுவாகச் சொல்லாமல் ஒவ்வொன்றையும் தனியே பிரியுங்கள். 1935 ஆகஸ்டில் போரிடும் எல்லா நாட்டுக்கும் ஆயுதம் விற்கத் தடை, தாக்கியவன் தாக்கப்பட்டவன் என்ற வேறுபாடு கிடையாது. 1936 பிப்ரவரியில் கடனுக்கும் தடை. 1937 மே மாதம் வந்ததுதான் "ரொக்கம் கொடு, உன் கப்பலில் ஏற்று" என்ற ஏற்பாடு. 1939 நவம்பர் 4-இல் ஆயுதத் தடை போனது, ஆனால் ரொக்க விதி போகவில்லை.

இதில் அடிப்படைக் கோளாறு, தடைப் பட்டியலில் துப்பாக்கி, குண்டு, போர் விமானம் மட்டும் இருந்ததுதான். பெட்ரோல், லாரி, பழைய இரும்பு எதுவும் இல்லை. ஆயுத ஆலை உள்ள நாட்டுக்கு வேண்டியது மூலப்பொருள். ஆலை இல்லாத நாட்டுக்கு வேண்டியது ஆயுதம். ஆக, இருவருக்கும் சமமாகப் போட்ட தடை இரண்டாமவனை மட்டும் கட்டிப்போட்டது. 1935-இல் எத்தியோப்பியாவைத் தாக்கிய இத்தாலிக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது, அனுப்பாதீர்கள் என்று அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்ட பிறகும்! எத்தியோப்பியாவுக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை. ஸ்பெயினில் நடந்தது உள்நாட்டுப் போர், பழைய சட்டத்தில் அது அடங்காது. அதற்கென்றே 1937 ஜனவரியில் தனித் தீர்மானம் போட்டு, தேர்தலில் வென்ற அரசுக்கே ஆயுதம் மறுத்தார்கள். அந்த அரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி ஃபிராங்கோவுக்கு ஜெர்மனியும் இத்தாலியும் விமானம் கொடுத்தன, அமெரிக்க எண்ணெய் கடனுக்கே கிடைத்தது.

ஜப்பான் கதை வேறு. 1937-இல் சீனாவில் போர் அறிவிக்கப்படவில்லை என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு ரூஸ்வெல்ட் சட்டத்தை அங்கே அமல்படுத்தவே இல்லை. அமல்படுத்தினால் பணமும் கப்பலும் உள்ள ஜப்பான்தான் ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கும். ஒதுங்கும் சட்டத்தை நேர்மையாக நடத்தினாலே தாக்குபவனுக்கு உதவி என்ற நிலை. இதை மேடையில் அழுத்திச் சொல்லுங்கள்.

ரொக்க விதியின் விளைவு பிரிட்டனின் பணப்பெட்டியில் தெரிந்தது. 1941 தொடக்கத்தில் தங்கமும் டாலரும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன. அமெரிக்காவில் பிரிட்டிஷாருக்கு இருந்த நல்ல சொத்துகளை, 'அமெரிக்கன் விஸ்கோஸ்' என்ற பெரிய செயற்கை நூல் நிறுவனம் உட்பட, அவசர விலைக்கு விற்றார்கள். அதே சமயத்தில்தான், 1941 மார்ச் 11-இல், உடனே பணம் வாங்காமல் ஆயுதமும் சரக்கும் கொடுக்கும் கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. போர் முடிவதற்குள் அதில் போனது ஏறக்குறைய 5,000 கோடி டாலர். கடன் கொடுக்கவே மாட்டோம் என்ற சட்டத்தின் இறுதி அது.

உள்நாட்டில், 1939-இல் அமெரிக்கத் தரைப்படையில் சுமார் 1,90,000 பேர்தான். 1941 பயிற்சிகளில் லாரி மீது 'டாங்கி' என்று எழுதி ஒட்டி ஓட்டினார்கள். கட்டாய ராணுவப் பணியை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் கீழவையில் 203-க்கு 202 என்று ஒரே வாக்கில் பிழைத்தது. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த ஜப்பானின் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது நான்கு மாதம்கூட இல்லை. கூட்டரசின் கடன் 1940-இல் சுமார் 4,300 கோடி டாலர், 1945-இல் சுமார் 25,900 கோடி. ஒரு எச்சரிக்கை: இந்த உயர்வு முழுவதையும் ஒதுங்கியதன் கணக்கில் எழுதாதீர்கள். முன்பே தயாராகியிருந்தாலும் பெரும்பகுதி செலவாகியிருக்கும். அவசரத்தால் கூடியதை மட்டும் கோரினால் யாராலும் உங்களை வெட்ட முடியாது.

கன்னங்குறிச்சி_ஏரி:
குகை நூலகத்தார் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எதிரணி ஸ்வீடனையும் சுவிட்சர்லாந்தையும் காட்டும், அங்கே நீங்கள் வழுக்கிவிடக் கூடாது. நடுநிலை வேறு, ஒதுங்கிக்கொள்வது வேறு. சுவிட்சர்லாந்து 1939-இல் 42 லட்சம் மக்களில் சுமார் 4,30,000 பேரைப் படைக்கு அழைத்தது. பூங்காவையும் மைதானத்தையும் உழுது உருளைக்கிழங்கு போட்டது. அதைச் சும்மா கிடந்த நாடு என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஸ்வீடன் தப்பியது உண்மை. விலையாக ஜெர்மனிக்கு இரும்புத் தாது விற்றது, பிடிபட்ட நார்வேக்குப் போய்வரும் ஜெர்மன் வீரர்களைத் தன் ரயிலில் ஏற்றிச் சென்றது. அந்தச் செலவை நார்வேக்காரன் கொடுத்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பெல்ஜியம். 1936-இல் பிரான்சோடு இருந்த ராணுவ ஒப்பந்தத்தை விட்டு விலகியது. ஜெர்மனிக்குக் கோபம் வரக்கூடாதென்று, எந்த ஆற்றங்கரையில் யார் நிற்பது, எந்தச் சாலையில் யார் வருவது என்ற கூட்டுத் திட்டத்துக்குக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. 1940 மே 10-இல் தாக்குதல் வந்த பிறகே பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளை அழைத்தது. வந்தவர்கள் தயாராகாத அரணில் போய் நின்றார்கள். பதினெட்டு நாளில் சரணடைய வேண்டியதாயிற்று.

அயர்லாந்து இன்னொரு வகை. குண்டு பெரிதாக விழவில்லை, உயிர் மிஞ்சியது, அதை மறுக்காதீர்கள். ஆனால் சொந்தக் கப்பல் போதாது. தேயிலைப் பங்கீடு ஒரு ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் வரை, அதாவது 14 கிராம் வரை இறங்கியது. ஐ.நா.வில் இடம் கிடைக்க 1955 ஆயிற்று, அதுவரை சோவியத் ரத்து அதிகாரம் தடுத்தது.

"அப்போது நேருவின் அணிசேராமை?" என்று கேட்பார்கள். கொரியப் போருக்கு இந்தியா மருத்துவப் படைப்பிரிவை அனுப்பியது, 1953-இல் போர்க்கைதிகளுக்கான நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைமை தாங்கினார். அணி சேரவில்லை, ஆனால் நடுவில் இறங்கி வேலை செய்தது.

ஏற்காடு_சில்வர்ஓக்:
உள்ளூர் எடுத்துக்காட்டு கேட்டீங்க. இந்தியா அன்றைக்கு ஒதுங்கியும் நிற்கவில்லை, தானாகப் போரில் சேரவும் இல்லை. 1939 செப்டம்பர் 3-இல் வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் அறிவித்துவிட்டார். ஆகவே "ஒதுங்கியதால் ஏற்காடு கெட்டது" என்று சொன்னால் பொய். கடல் வழி அடைபட்டால் மலைமேல் இருக்கும் தோட்டம் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஏற்காட்டைக் காட்டுங்க. 1807-இல் அமெரிக்காவே தனக்கு அடைத்துக்கொண்டது, 1940-இல் நமக்குப் போர் அடைத்தது. விவசாயி வாசலில் வந்து நின்றது ஒரே விளைவு.

சேர்வராயன் மலைக் காப்பிக்கும் குடகுக் காப்பிக்கும் ஐரோப்பாதான் பெரிய சந்தை. அது மூடியதும் சரக்கு தேங்கி விலை உடைந்தது. 1940-இல் அவசரச் சட்டம், 1942-இல் காப்பிச் சட்டம். விதைக்கும் வீட்டுக்கும் அனுமதித்த அளவு போக மற்றதெல்லாம் காப்பி போர்டின் பூலில், அதாவது பொதுக் கையிருப்பில், சேர்க்க வேண்டும், பணம் தவணையில் வரும். போர் முடிந்தும் அந்த ஏற்பாடு 1990-கள் வரை நீடித்தது. மூடிய சந்தை திறக்கச் சில ஆண்டு ஆகும், அதற்காகக் கட்டிய நிர்வாகம் கலையப் பல பத்தாண்டு ஆகும். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எதிரணிக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு, அதையும் தெரிந்து வையுங்க. மலேயா, ஜாவா பக்கமிருந்து வந்த மாவும் ஜவ்வரிசியும் ஜப்பான் பிடித்ததும் நின்றுபோனது. அந்த இடைவெளியில்தான் சேலத்தில் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்விட்டது. "வழி அடைபட்டால் உள்ளூர்த் தொழில் வளரும், சேகோ ஆலையே சாட்சி" என்பார்கள். பதில்: அதே 1942-இல் ரங்கூன் விழுந்து பர்மா அரிசியும் நின்றது. ஜவ்வரிசிக்குக் கிழங்கு கிடைத்தது, அரிசிக்கு மாற்று கிடைக்கவில்லை.

அம்மாப்பேட்டை_தறி:
ரொம்ப நன்றிங்க அண்ணா எல்லோருக்கும். இரண்டு சந்தேகம். 1939-இல் யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலைச் சொல்லலாமா? முதல் உலகப் போரில் ஆயுத வியாபாரிகள்தான் அமெரிக்காவை இழுத்துவிட்டார்கள் என்று எதிரணி சொன்னால் என்ன பதில்?

குகை_நூலகம்:
கப்பலைச் சொல்லுங்கள், ஆனால் சரியான தலைப்பில். 937 பயணிகளோடு வந்தது, ஹவானாவில் பெரும்பாலோரை இறக்க விடவில்லை, ஃபுளோரிடா கரை தெரியும் தூரம் வரை வந்து ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தடுத்தது நடுநிலைச் சட்டம் கிடையாது, 1924 குடியேற்றச் சட்டத்தின் ஒதுக்கீடு. ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 27,370 என்ற வரம்பு. 20,000 குழந்தைகளைக் கூடுதலாக ஏற்கும் மசோதாவும் அதே 1939-இல் செத்தது. ஒரே மனப்போக்கின் இரண்டு சட்டங்கள் என்று சொல்லுங்கள், ஒன்றாகக் குழப்பினால் எதிரணி அங்கேதான் பிடிக்கும்.

ஆயுத வியாபாரி வாதத்தை எள்ளி நகையாடாதீர்கள். சுமார் 1,16,000 அமெரிக்கர் செத்த போர் அது. 1934 முதல் 1936 வரை செனட்டர் நை தலைமையில் நடந்த விசாரணை காட்டிய கொள்ளை லாபம் உண்மை. மக்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அது எவ்வளவு பலமானது என்றால், போர் அறிவிக்கும் முன் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்ற திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற வாக்கு 1938 ஜனவரியில் 209-க்கு 188 என்றுதான் தோற்றது. உங்கள் பதில்: லாபத்தைத் தடுக்க வேண்டுமானால் லாபத்துக்கு வரி போடலாம், ஆலையை அரசு கண்காணிக்கலாம். 1935 சட்டத்திலேயே ஆயுத உற்பத்தியாளர்கள் பதிவு செய்து உரிமம் பெற ஒரு வாரியம் இருந்தது. அந்தப் பகுதியை ஆதரியுங்கள். தாக்கியவனையும் தாக்கப்பட்டவனையும் ஒரே தராசில் வைத்த பகுதியை மட்டும் எதிர்த்துப் பேசுங்கள்.