ஹாக்கி பிள்ளைகளுக்கு மவுத்கார்டு (பல் காப்புக் கவசம்): வெந்நீர் வகை போதுமா?

கோத்தகிரி பி.டி.:
அணியில் எல்லாரும் 12–14 வயது. வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகையை வாங்கலாமா? மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். ஒருவனுக்குப் பல்லில் கம்பி வேறு.

குன்னூர் பல் டாக்டர்:
மூச்சு முட்டுவது பெரும்பாலும் பொருத்தக் குறைதான் சார். தளர்ந்திருந்தால் கடித்தே பிடிக்க வேண்டும். அப்புறம் வாயால் எப்படி மூச்சுவிடுவது? மேல்தாடைக்கு அச்செடுத்து, அந்த மாதிரியின்மேல் ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்துச் செய்வதே நல்லது. தாள் இழுபடும்போது மெலியும். முன்பற்களின் வெளிப்புறம் 3 மி.மீ. நிற்க இரண்டு அடுக்காகக் கேளுங்கள். கம்பி போட்டவனுக்குச் சாதாரண வெந்நீர் வகை வேண்டவே வேண்டாம், கம்பியைக் கவ்விக்கொள்ளும். இந்த வயதில் புதுப் பல் முளைப்பதால் சீசனுக்கு ஒருமுறை பொருத்தம் பாருங்கள்.

ஊட்டி கோல்கீப்பர்:
வெந்நீர் வகைதான் கட்டுப்படியாகும் என்றால் ஒன்று: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அட்டையில் போட்ட நொடிக்கணக்கில் இளகாவிட்டால் சற்றுக் கூடுதலாக விடுங்கள். ஓங்கிக் கடித்தால் பல் படும் இடம் காகிதம்போல் மெலிந்துவிடும்.

குன்னூர் பல் டாக்டர்:
இன்னொன்று: அடிபட்டு நிரந்தரப் பல் முழுசாக விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல், வாயில் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் குளிர்ந்த பாலில் சில நொடி அலசி, உடனே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலிலேயே போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் வேரின் செல்கள் செத்துவிடும். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

கோத்தகிரி பி.டி.:
நன்றி டாக்டர். மைதானப் பெட்டியில் ஒரு பால் பாக்கெட்டும் சேர்க்கிறேன்.